கால் ஊன்றாத விடைக்கோழி

காலையில் கூண்டைத் திறந்ததும் மற்றவை முண்டியடித்துக்கொண்டு வெளியே ஓடும். இரண்டு மாதக் கோழி ஒன்று மட்டும் மூலையில் உட்கார்ந்தே இருக்கும். தீனி போட்டால் கழுத்தை நீட்டுமே தவிர எழுந்து வராது. தூக்கி நிறுத்தினால் இரண்டடி தத்திவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கோழி வளர்க்கும் வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. ‘கால் விழுந்துடுச்சு’ என்பார்கள். கடையில் ஒரு டானிக்கும் ஓர் ஆன்டிபயாட்டிக்கும் வாங்கித் தண்ணீரில் கலந்து வைப்பார்கள். ஓரிரு நாளில் தேறாவிட்டால் அறுத்துவிடுவார்கள்.

இந்த இரண்டுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது அந்தக் காலை உட்கார்ந்து பார்ப்பது. எலும்பு வளைந்திருக்கிறதா, மூட்டு வீங்கியிருக்கிறதா, தசைநாண் இடம் விலகியிருக்கிறதா, நரம்பு பழுதாகியிருக்கிறதா என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து எதுவும் குருட்டாம்போக்குதான். சத்துக்குறைவால் விரல் சுருண்ட குஞ்சைச் சில நாட்களில் நடக்கவைத்துவிட முடியும். வைரஸ் தாக்கி நரம்பு தடித்துப்போன கோழியை எந்த மருத்துவராலும் நடக்கவைக்க முடியாது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும்.

கோழியின் காலைப் பற்றி முதலில் ஒரு விஷயம். செதில் மூடிய கால் மேலே போய்ப் பின்பக்கமாக மடங்குகிற இடத்தை முழங்கால் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது கணுக்கால். அதற்குக் கீழே நீளமாகத் தெரிவது, நம் பாதத்தில் தனித்தனியாக இருக்கும் எலும்புகள் கோழியில் ஒன்றாக இணைந்து உருவான ஒரே எலும்பு. கோழி தன் குதிகாலை எப்போதும் தூக்கிக்கொண்டு விரல்களில் மட்டும் நடக்கிறது. உண்மையான முழங்கால் வயிற்றோரம் இறகுக்குள் மறைந்திருக்கிறது. ஆகவே கோழி ‘முட்டி போட்டு’ நகர்வதாகத் தோன்றும்போது, அது கணுமூட்டில் உட்கார்ந்து நகர்கிறது என்று பொருள். கெண்டைத் தசையின் தடித்த தசைநாண் அந்தக் கணுமூட்டின் பின்புறப் பள்ளத்தில் இறங்கித்தான் பாதத்துக்குப் போகிறது. விரல்வரை உணர்வையும் அசைவையும் கொண்டுசெல்லும் சயாடிக் நரம்பு இடுப்பிலிருந்து தொடைத் தசைகளுக்கு நடுவே இறங்குகிறது. நாம் பார்க்கப்போகும் நோய்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு பாதைகளில்தான் நடக்கின்றன.

பிடிப்பதற்கு முன்னால் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பயந்த கோழி தன் பலவீனத்தைக் காட்டாது; வேட்டைக்கு இரையாகும் எல்லாப் பறவைகளுக்கும் உள்ள குணம் அது. ஒரு கால் மட்டுமா, இரண்டுமா? விரல்கள் விரிந்திருக்கின்றனவா, உள்ளே மடங்கியிருக்கின்றனவா? இறக்கை ஒன்று தொங்குகிறதா? தலை நடுங்குகிறதா, கழுத்து திருகுகிறதா? எச்சம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறதா? நேற்றுவரை ஓடிய கோழி இன்று திடீரென்று விழுந்ததா, ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்ததா? கூட இருப்பவற்றில் வேறு எதற்காவது இப்படி இருக்கிறதா? கால்நடை மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகளும் இவைதான்.

அதன்பின் கோழியை உடலோடு அணைத்து, கால்கள் கீழே தொங்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். மார்பை இறுக்கக் கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இரண்டு கால்களையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுங்கள். கணுமூட்டைப் புறங்கையால் தொட்டால் ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று உடனே தெரியும். மூட்டின் பின்புறம் கட்டைவிரலைக் குறுக்காக நகர்த்தினால், நடுவில் விறைப்பான கயிறுபோல் தசைநாண் தட்டுப்பட வேண்டும். அது பக்கவாட்டில் நழுவிக் கிடந்தால் நோயின் பெயர் அங்கேயே தெரிந்துவிட்டது. நடுவிரல் நுனியை மெல்லக் கிள்ளுங்கள். நல்ல கோழி வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்ளும். இழுக்காமல் தொங்கவிட்டால் சந்தேகம் நரம்பின் மேல் போகிறது. அலகை விரலால் லேசாக அழுத்துங்கள். ரப்பர்போல் வளைந்தால் எலும்பில் சுண்ணாம்பு ஏறவில்லை. உள்ளங்காலில் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். விரல் இடுக்கில் சாக்கு நூலோ தலைமுடியோ சுற்றிக்கொண்டு இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கத் தவறக் கூடாது. சின்னக் குஞ்சுகளில் விரல் கறுத்து உதிர்ந்துபோகும்வரை அந்த நூலை யாரும் கவனிப்பதில்லை. கடைசியாக இறக்கைக்கு அடியில் தோலை விலக்கிப் பாருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இவ்வளவுக்கும் மேலாக வழிகாட்டுவது கோழியின் வயது.

பொரித்த முதல் வாரத்தில் கால்கள் இரண்டும் இரு பக்கமாக அகன்று, குஞ்சு வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு கிடந்தால் அது பெரும்பாலும் வழுக்கும் தரையின் வேலை. புரூடரில் செய்தித்தாள் விரிப்பவர்கள் அதை நிறுத்திவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சாக்கு, சொரசொரப்பான துணி, உமி எதுவானாலும் விரல் பிடிக்க இடம் கொடுக்கும். இன்குபேட்டரில் வெப்பம் தாறுமாறாகப் போனாலும் இப்படிக் குஞ்சு பொரிவதுண்டு. கண்ட அன்றே கால்களை இயல்பான இடைவெளியில் வைத்து, மெல்லிய ஒட்டும் பட்டையால் விலங்குபோலக் கட்டிவிட வேண்டும். குஞ்சு நிற்க முடியவேண்டும், ஆனால் கால் அகலக் கூடாது. அந்த அளவுதான் கணக்கு. குஞ்சு தினமும் வளர்வதால் பட்டையையும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்ட வேண்டும். பெரும்பாலான குஞ்சுகள் ஒரு வாரத்துக்குள் நேராகிவிடும். இரண்டு வாரம் கழித்து ஆரம்பித்தால் எலும்பு அந்தக் கோணத்திலேயே முற்றியிருக்கும்.

இரண்டு, மூன்று வாரக் குஞ்சு கணுமூட்டில் உட்கார்ந்து, விரல்களைக் கைமுஷ்டிபோல் உள்ளே மடக்கிக்கொண்டு நகர்ந்தால் ரிபோஃப்ளேவின் என்னும் பி2 வைட்டமின் குறைவை முதலில் நினைக்க வேண்டும். குஞ்சு நன்றாகத் தின்னும், கண் தெளிவாக இருக்கும், காய்ச்சல் இருக்காது. நடக்க மட்டும் முடியாது. வளரும் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 3.6 மில்லிகிராம் ரிபோஃப்ளேவின் வேண்டும். மக்காச்சோளத்தில் இருப்பது கிலோவுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். நொய்யும் சோளமும் மட்டும் தின்று கூண்டுக்குள்ளேயே வளரும் குஞ்சுக்கு இது எப்படிப் போதும்? தாய்க்கோழியோடு குப்பையைக் கிளறி, புழுவும் கீரையும் கரையானும் கொத்தித் திரியும் குஞ்சுகளில் இந்த நோய் அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்தோ, தின்னாத குஞ்சுக்கு அலகோரம் துளித்துளியாகவோ கொடுத்தால் ஆரம்ப நிலையில் முன்னேற்றம் விரைவாகத் தெரியும். ரிபோஃப்ளேவினை வெளிச்சம் சிதைத்துவிடும் என்பதால் அந்தக் கரைசலை வெயிலில் வைக்கக் கூடாது. நாள்பட்டு நரம்பு கெட்டுப்போயிருந்தால் வைட்டமின் கொடுத்தாலும் விரல் விரியாது.

வைட்டமின் என்ற ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியவந்தது கால் விழுந்த கோழிகளால்தான். 1880களின் இறுதியில் ஜாவாவின் பட்டாவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். படைவீரர்களும் கைதிகளும் கால் மரத்துப்போய், இதயம் வீங்கிச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. கிருமிதான் காரணம் என்று நம்பிக் கோழிகளுக்கு நோயை ஏற்றிப் பார்த்தார். ஏற்றிய கோழிகளுக்கும் கால் விழுந்தது, ஏற்றாமல் சும்மா வைத்திருந்த கோழிகளுக்கும் கால் விழுந்தது. பிறகு திடீரென்று எல்லாமே எழுந்து நடக்க ஆரம்பித்தன. விசாரித்தபோது தெரிந்தது: ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோற்றைத்தான் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர் ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்துவிடவே, தவிடு போகாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள். கோழிகள் பிழைத்துக்கொண்டன. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றுதான் எய்க்மன் முதலில் நினைத்தார். உடலுக்கு வேண்டிய ஒரு பொருள் தவிட்டோடு போய்விடுகிறது என்று 1901இல் சரியாகச் சொன்னவர் அவருக்குப் பின் அங்கே பணியாற்றிய கெரிட் கிரெய்ன்ஸ். 1926இல் அதே ஊரில் யான்சனும் டோனாத்தும் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். இன்று நாம் தயமின், பி1 என்று சொல்வது அதைத்தான். 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தயமின் குறைந்த கோழி கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு, தலையைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்க்கும். ரேஷன் அரிசியில் மிஞ்சிய சோற்றை மட்டுமே போட்டு வளர்க்கும் கோழிகளுக்கு ஒரு கை தவிடு சேர்த்துப் போடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வளர்கிற வயதில் கால் எலும்பு வளைந்து, அலகு மெத்தென்று ஆகி, எழுந்து நிற்கவே கூசும் குஞ்சுக்கு ரிக்கெட்ஸ். வைட்டமின் டி3, சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ் மூன்றில் எது குறைந்தாலும் வரும். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக் குழுவினர் கூண்டில் அடைபட்ட குஞ்சுகளின் கால் தளர்ச்சியை வெயிலாலும் மீன் ஈரல் எண்ணெயாலும் தடுக்க முடியும் என்று காட்டினார்கள். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மாடி வீட்டில் அட்டைப்பெட்டிக்குள் வளரும் குஞ்சுக்கு வெயில் கிடைப்பதில்லை, ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் டி3 உண்டாக்கும் கதிர் வருவதுமில்லை. காலை வெயிலில் சற்று நேரம் திறந்த வெளியில் விட்டாலே போதும். ஓர் எச்சரிக்கை: எலும்புக்கு நல்லது என்று முட்டையிடும் கோழிக்கான லேயர் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள். குஞ்சுத் தீவனத்தில் கால்சியம் சுமார் 1 சதவீதம், லேயர் தீவனத்தில் மூன்றரை முதல் 4 சதவீதம். அந்த அளவு கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

தசைநாண் நழுவும் நோய்க்கு முக்கியக் காரணம் மாங்கனீசுக் குறைவு என்பது 1930களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தெரியவந்தது. கோலின், பயோட்டின் குறைந்தாலும் வரும். கணுமூட்டு தட்டையாகப் புடைத்து, கால் வெளிப்பக்கமாகத் திருகிக்கொள்ளும். மக்காச்சோளத்தில் மாங்கனீசு மிகக் குறைவு, தவிட்டில் நிறைய. நழுவிய அன்றே மருத்துவர் தள்ளி உள்ளே போடலாம்; மூட்டின் பள்ளம் மேடாகிவிட்டால் மறுபடி நழுவும்.

இனி விடைக்கோழி வயதில், அதாவது ஆறாவது வாரத்துக்கும் ஐந்து மாதத்துக்கும் இடையில் வரும் நோய். ஒரு கால் முன்னே நீண்டு, மற்றது பின்னே நீண்டு, கோழி தரையில் பிளந்து கிடக்கும். விரலைக் கிள்ளினால் இழுக்காது. அதே பக்கத்து இறக்கை தொங்கலாம், கண்ணின் கருவிழி சாம்பல் நிறமாகி, பாவை ஒழுங்கற்றுச் சுருங்கலாம். இது மாரெக்ஸ் நோய். 1907இல் ஹங்கேரியின் யோசெஃப் மாரெக் கால் இறக்கை செயலிழந்த சேவல்களிடம் முதன்முதலில் இதை விவரித்தார். இது ஹெர்பீஸ் வகை வைரஸ் என்று 1967இல் இங்கிலாந்தின் ஹவ்டன் ஆய்வு நிலையத்தில் சர்ச்சிலும் பிக்ஸும் கண்டார்கள். இறகு முளைக்கும் குழியில் வைரஸ் பெருகி, உதிரும் செதில் தூசியோடு காற்றில் கலக்கிறது. அந்தத் தூசி கொட்டகையில் பல மாதங்கள் நோயைச் சுமந்திருக்கும். குஞ்சு முதல் நாட்களிலேயே அதை மூச்சில் இழுத்துவிடுகிறது, கால் விழுவது பல வாரம் கழித்து. செத்த கோழியை அறுத்துப் பார்த்தால், வெள்ளை நூல்போல் இருக்கவேண்டிய சயாடிக் நரம்பு ஒரு பக்கம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு தடித்து, பளபளப்பும் குறுக்கு வரியும் போய் மங்கலாகக் கிடக்கும். வைரஸ் தூண்டிவிட்ட ரத்த அணுக்கள் நரம்புக்குள் புகுந்து பெருகியதால் வந்த தடிப்பு அது. ஈரலிலும் சினைப்பையிலும் கட்டிகள் இருக்கலாம்.

இதற்கு மருந்து இல்லை. ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது. இருப்பது தடுப்பூசி ஒன்றுதான், அதுவும் பொரித்த முதல் நாளிலேயே கழுத்துத் தோலுக்கடியில் போட வேண்டும். வான்கோழியின் வைரஸை வைத்து 1970 வாக்கில் உருவான அந்தத் தடுப்பூசி, ஒரு புற்றுநோயைத் தடுக்கப் பரவலாகப் பயன்பட்ட முதல் தடுப்பூசி. ஆனால் அது நோயைத் தடுக்கிறதே தவிர வைரஸ் தொற்றுவதைத் தடுப்பதில்லை. ஊசி போட்ட கோழி நலமாக இருந்துகொண்டே தூசியில் வைரஸைப் பரப்பும். எனவே ஊசி போடாத நாட்டுக்கோழிக் குஞ்சுகளை, ஊசி போட்டு வாங்கிய பெரிய கோழிகளோடு சேர்த்து வளர்ப்பது ஆபத்து.

கால் செயலிழப்போடு கழுத்துத் திருகலும் பச்சைக் கழிச்சலும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றோடு நிற்காமல் மந்தையே சாயும். கணுமூட்டு சூடாக வீங்கியிருந்தால் மைக்கோபிளாஸ்மா போன்ற பாக்டீரியா மூட்டில் புகுந்திருக்கலாம். ஆன்டிபயாட்டிக்குக்கு உண்மையில் வேலை இருப்பது இங்கேதான், எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். இறக்கையடியைப் பார்க்கச் சொன்னது கோழி உண்ணிக்காக. வளர்ந்த உண்ணி பகலில் கூண்டின் மரவிரிசலில் ஒளிந்துகொண்டு இரவில் வந்து ரத்தம் குடிக்கும். அதன் இளம்புழுக்கள் மட்டும் நாள்கணக்கில் தோலில் ஒட்டியிருக்கும், அவற்றின் உமிழ்நீரால் கோழிக்குக் கால் விழும். அவற்றை எடுத்துவிட்டாலே சில கோழிகள் எழுந்துவிடுகின்றன. மாரெக்ஸ் என்று கைவிடப்படும் கோழிகளில் இப்படியும் சில இருக்கலாம் என்பதால்தான் இறக்கையைத் தூக்கிப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்கிறேன்.

பிராய்லர் கோழியின் கதை வேறு. 1957ஆம் ஆண்டு ரகத்தையும் 2005ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தது கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம். 56ஆவது நாளில் பழைய ரகம் 905 கிராம், புதியது 4,202 கிராம். குஞ்சின் எலும்பு இந்தப் பாரத்தைத் தாங்க முற்றுவதற்குள் பாரம் வந்துவிடுகிறது. அந்தக் காலுக்கு வைட்டமின் குறைவில்லை; வளர்ச்சியின் வேகம் குறைய வேண்டும்.

நோய் எதுவானாலும் கவனிப்பு உடனே தொடங்கலாம். நடக்க முடியாத கோழி நோயால் சாவதைவிடத் தாகத்தாலும் பசியாலும், மற்றவை கொத்துவதாலும் சாவதே அதிகம். தனியாக எடுத்து, உமியோ வைக்கோலோ கனமாகப் பரப்பிய பெட்டியில் வையுங்கள். மற்றவற்றின் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தால் கோழி தீனி தின்னும். தண்ணீரும் தீனியும் கழுத்தை நீட்டாமலே எட்டும்படி இருக்க வேண்டும். தின்னவில்லையென்றால் தீவனத்தைக் குழைத்து ஊட்டலாம், ஆனால் படுத்த நிலையில் தண்ணீரை வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரே பக்கம் படுத்தால் மார்பெலும்பில் புண் வரும், அதனால் பகலில் பலமுறை பக்கம் மாற்றி, பின்பக்கத்தில் ஒட்டிய எச்சத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். துணியில் இரண்டு ஓட்டை போட்டு ஊஞ்சல்போல் கட்டி, கால் தரையைத் தொடும்படி தினமும் சிறிது நேரம் நிறுத்திவைத்தால் தசை வற்றாது. எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தால் சுமார் மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

வலி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்வேன். 2000இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், வலி நிவாரணி கலந்த தீவனத்தையும் சாதாரணத் தீவனத்தையும் நிறம் மாற்றி வைத்தார்கள். நொண்டும் கோழிகள் மருந்துத் தீவனத்தைத் தேடித் தின்றன. நொண்டல் கூடக்கூட அதைத் தின்னும் அளவும் கூடியது. வலி அவற்றுக்கு இருக்கிறது. அதற்காக வீட்டிலிருக்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இந்தியாவின் பாறுக் கழுகுகளைச் சிறுநீரகம் கெட்டுச் சாகவைத்த மருந்து அது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டது.

விரலில் உணர்வு இருக்கிறது, தின்கிறது, நாளுக்கு நாள் சிறிதளவாவது தேறுகிறது என்றால் இரண்டு மூன்று வாரம் காத்திருப்பது நியாயம். உணர்வே இல்லாமல், உடல் மெலிந்து, கண் மூடிக் கிடக்கும் கோழியை மாதக்கணக்கில் வைத்திருப்பது இரக்கமல்ல. மாரெக்ஸ் வைரஸ் மனிதரைத் தாக்காது. ஆனாலும் நோயில் விழுந்த கோழியைச் சமைக்க வேண்டாம், மருந்து கொடுத்த கோழியை மருத்துவர் சொல்லும் நாள் முடியுமுன் தொடவே வேண்டாம்.

கோழி செத்துவிட்டால் அதைக் குப்பைமேட்டில் எறியாதீர்கள். பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, உறையவிடாமல், அன்றோ மறுநாளோ மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள். பல கோழிகள் திடீரென்று ஒரே நேரத்தில் செத்தால் மட்டும் தொடாமல் முதலில் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். உயிரோடு இருக்கும்போது தெரியாமல்போன காரணம் தொடையைப் பிரித்து அந்த நரம்பைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்தால், அடுத்த ஈடு குஞ்சு வாங்கும்போது முதல் நாள் மாரெக்ஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குவதா, தீவனத்தை மாற்றுவதா, கூண்டின் விரிசலை அடைப்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.